விற்றுவிட்ட பெரிய திரை

புதுச்சேரி,
ஞாயிறு.

பிரான்சில் இருக்கும் மகன் இனியவனுக்கு, வைத்திக்குப்பம் மீன்வலைக் கடையிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்.

உன் தங்கைக்கு நீ ஆன்லைனில் போட்டு அனுப்பிய பெரிய கம்ப்யூட்டர் திரையை விற்றுவிட்டேன். தவளக்குப்பத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர் எடுத்துக்கொண்டார். பூவிழியைக் கேட்டுத்தான் விற்றேன். போனில் சொன்னால் பாதியிலேயே மடக்கிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நீ நல்ல மனதோடுதான் அனுப்பினாய். கல்லாவுக்குப் பக்கத்தில் மேசை போட்டு வைத்தோம். வலை வாங்க வந்தவர்கள் கிரிக்கெட் போடச் சொன்னார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வேலை கெட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சேதராப்பட்டு ஐஸ் கம்பெனிக்கு அவள் புரோகிராம் எழுதுவது உனக்குத் தெரியும். எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் இறங்கியது என்று வண்டிக்காரர்கள் போனிலேயே பதிய வேண்டும். பெரிய திரை வந்ததும், இடம் கிடக்கிறதே என்று அவர்கள் பதிகிற பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கிவிட்டாள். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. மறுநாளே வண்டிக்கார ஆதிமூலம் ஈரக்கையோடு வந்து, "இன்னா பூவிழி, எறக்கியாச்சுன்னு அமுக்குற பட்டனையே காணோம்? தேடிக் கண்டுபுடிக்கறதுக்குள்ள ஐஸு தண்ணியா பூடும்" என்றான். அவன் போனின் ஓரத்தைத் தாண்டிப் போயிருந்தது பட்டன். கம்பெனி முதலாளி செம்மல், வேலையைச் சென்னைக்காரர்களுக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

அன்றே பூவிழி பழைய சின்ன லேப்டாப்பையே எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு சாண் திரை. மவுஸ் கிடையாது, வெறும் எழுத்துதான். அந்தத் திரைக்குள் அடங்காத புரோகிராம் துண்டு எதையும் எழுதுவதில்லை. அடங்காவிட்டால் இரண்டாக வெட்டுகிறாள். "தப்பு எங்க இருக்குன்னு தேட வேணாம்பா, கண்ணு முன்னாடியே நிக்கும்" என்கிறாள். பக்கத்தில் ஆதிமூலம் வைத்திருப்பது மாதிரி ஒரு மலிவுப் போன். எழுத எழுத அதில் போட்டுப் பார்க்கிறாள். நான் பேரம் பேசுகிற சத்தம்கூட அவள் காதில் விழுவதில்லை.

செம்மல் நேரில் வந்தார். "இதுலயா என் கம்பெனி ஓடுது?" என்று சிரித்தார். "ஓடுதா இல்லியா, அத மட்டும் பாருங்க" என்றேன். வண்டிக்காரர்களைக் கேட்டுப் பார்த்துவிட்டு, ஒரு வருடத்துக்கு வேலையை இவளுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

இப்போது உன் விஷயம். சென்னையில் உன் சிநேகிதன் கம்பெனியில் அவளைச் சேரச் சொல்கிறாய். அந்தப் பொம்மை லேப்டாப்பை வைத்துக்கொண்டு என்ன கிழிக்கப் போகிறாய் என்று அவளைக் கேட்கிறாய். நீ போனில் பேசி வைத்த அன்றெல்லாம் அவள் லேப்டாப்பை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிக்காரப் பெண்ணுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டால், அப்புறம் எந்த ஊர் வேலையும் அவளுக்கு உதவாது.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். மகராசனாக இரு.

வியாபாரியாகவே முடிக்கிறேன். இந்த ஒரு வருடம் சென்னை வேலையைப் பற்றி அவளிடம் நீ வாயைத் திறக்கக் கூடாது. பதிலுக்கு, ஊருக்கு எப்போதுடா திரும்பி வருவாய் என்று ஒவ்வொரு போனிலும் கேட்கிறேனே, அதை அந்த ஒரு வருடமும் நான் கேட்க மாட்டேன். இதற்கு மேல் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

அப்பா,
நெடுமாறன்.