தண்ணீர் எல்லாருக்கும் வந்த கதை

இன்றைக்குக் கம்பெனியில் புதுத் தொப்பி கொடுத்தார்கள். எனக்கு இந்தத் தடவையும் மஞ்சள்தான். கவரைப் பிரித்ததும் கஞ்சி போட்ட புதுத்துணி வாசனை மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம். லாக்கர் அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு லைனுக்குப் போனால் சூப்பர்வைசர், "என்னம்மா, கண்ணுல தூசா?" என்கிறார். தூசாம்!

நீ வடக்குப்பட்டுக்காரி. நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடம் ஹாஸ்டலில் கிடந்தவள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். என் "ஏட்டி"யைக் கேட்டு நீ சிரிப்பாய், உன் "கீது"வைக் கேட்டு நான் சிரிப்பேன். அந்த பஸ்ஸில்தான் காலையில் நீ கதை சொல்வாய். நீயே கட்டிய கதை. ஒரு நாடு. அங்கே பிறக்கும்போதே சர்க்கார் தலையில் தொப்பி மாட்டிவிடும். நீலத் தொப்பிக்கு எந்நேரமும் தண்ணீர். மஞ்சள் தொப்பி சங்கு ஊதினால்தான் குடிக்கலாம். தாகம் என்று வாய்விட்டுச் சொன்னாலே குற்றம். ஒரு மஞ்சள் தொப்பிக்காரி சங்கு ஊதுமுன் குடித்துவிட்டாள். போலீசுக்குப் பயந்து ஓடிக்கொண்டே இருந்தாள்.

நம் கம்பெனியிலும் பர்மனென்டுக்கு நீலம், கான்ட்ராக்டுக்கு மஞ்சள். அதனால்தானோ என்னவோ பஸ்ஸில் ஒருத்தரும் தூங்கமாட்டார்கள். "அப்பால இன்னா ஆச்சு?" என்பார்கள். "நாளைக்கி" என்பாய், திமிர் பிடித்தவளே.

அந்தக் கதை பஸ் மாறி, ஷிஃப்ட் மாறிப் போனது. கேன்டீனில் ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி பாதியைக் கேட்டுவிட்டுப் போய்ச் சொல்ல, சனிக்கிழமைக்குள் அது செய்தியாகிவிட்டது. திங்கட்கிழமை முதல் மஞ்சள் தொப்பிக்குச் சங்கு ஊதினால்தான் தண்ணீர்! அப்படியெல்லாம் செய்வார்களா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. திங்களன்று கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்தால் எல்லார் பையிலும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர். ஒரு அக்கா குடத்தையே இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மத்தியானம் ஆபீசில் உன்னைக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் வந்தேன்.

"யாரப் பத்திம்மா கதை சொல்றே?" என்றார் ஹெச்.ஆர்.

"இல்லாத ஊரு சார். நம்ம கம்பெனின்னு நீங்க ஏன் சார் நெனைச்சிக்கிறீங்க?" என்றாய். எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் கத்தவில்லை. "சரி, கதையை நாளைக்கே முடிச்சிடு. அந்த கவர்மென்ட் எல்லாருக்கும் தண்ணி குடுத்துடுச்சுன்னு சொல்லிடு. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

உன் ஒருத்தி சம்பளத்தில்தான் வீடு நடந்தது. உன் அம்மா படுத்த படுக்கை. "முடிச்சிருட்டி. வாய்ல வந்ததச் சொல்லிட்டுப் போவியா!" என்று கெஞ்சினேன்.

மறுநாள் பஸ்ஸில் சொன்னாய். "ஒருநா காலைல சங்கு ஊதல. எல்லாக் கொழாயும் தொறந்துக்கிச்சு. நீலம், மஞ்சள், அல்லாருக்கும் தண்ணி. ஓடுனவ திரும்பி வந்தா. யாரும் அவளப் புடிக்கல. குந்திக்கினு வயிறு ரொம்பக் குடிச்சா."

அந்தக் குடத்து அக்கா, "போம்மா, இதெல்லாம் நடக்கிற கதையா? நல்லா வுடுற ரீலு" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. இறங்கும்போது என் கையைப் பிடித்துக் கேட்டாய். "தண்ணிய நிறுத்தப் போறாங்கன்னா ஒடனே நம்பினீங்க. குடுத்தாங்கன்னா ஏன்டி ஒருத்திகூட நம்பல?"

"வேலை தங்கிச்சுல்லா, விடுட்டி" என்றேன். வேறென்ன சொல்வது? அதன்பிறகு நீ கதையே சொல்லவில்லை. கேட்டால் தலைவலி என்பாய்.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. லீவு போட்டால் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கமாட்டார்கள் என்று மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தாய். டெங்கு என்று தெரிந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. உன் சீட்டில் அடுத்த வாரமே ஒரு புதுப்பெண் உட்கார்ந்தாள். அவள்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பாவம், அவள் என்ன செய்வாள்.

இப்போது அந்தக் கதையை நான் சொல்கிறேன். உன் அளவுக்கு வராது. நேற்று கதையின் முடிவுக்கு வந்தேன். எல்லாருக்கும் தண்ணீர் வந்தது என்றதும் பின்சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ, ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று கத்திவிட்டேன். "எதுக்குட்டி சிரிக்கே? ஏன், நமக்கெல்லாம் வரக்கூடாதா?"

டிரைவர் அண்ணன் கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்த்தார். சீட்டில் உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, நான் நம்ப ஆரம்பித்திருக்கிறேன். உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஒருத்தி நம்பிவிட்டாள்ட்டி.