பால் பொங்கிய சூடு

ஆய்வு நாள் 58 — 07:10
செவ்வாய் கிரகம், வடக்குச் சரிவு. எழுதுபவர்: மண் ஆய்வாளர் தில்லைக்கரசி. வெளியிலிருந்து தண்ணீரோ மின்சாரமோ உணவோ வராமல் நாற்பது குடும்பங்கள் இங்கே பிழைக்க முடியுமா என்று பார்க்க வந்தேன். அடியில் பனிக்கட்டி உண்டு. வெயில் போதும். கூடாரத்தில் காற்றழுத்தம் சரி. மண்தான் வம்பு பிடித்தது. அதன் உப்பு என் பூட்ஸின் ரப்பரை அரித்துவிட்டது. மூன்று நாளாகத் தலைவலி வேறு. இந்த இடத்தை எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை.

நாள் 59 — 09:30
மேலே சுற்றும் கப்பலிலிருந்து என் அண்ணன் மாசிலாமணி: “அம்மிணி, உன்ற கணக்கெல்லாம் இருக்கட்டும். பாலக் காச்சிப் பாரு. பொங்குச்சுன்னா எறங்கறோம்.”
பால் பொங்காத வீட்டில் ஒருவரும் குடிபுக மாட்டார்களாம்.

09:55
பால்மாவைக் கரைத்து வைத்தேன். திரும்புவதற்குள் பொங்கி வழிந்தது. வெட்கமில்லாமல் சிரித்தேன். “பொங்கீருச்சுங்கண்ணா” என்றேன். கப்பலில் கைதட்டல்.

10:40
மிச்சப் பாலைக் கொதிக்கவைத்துக் காபி கலந்தேன். சூடே போதவில்லை. வெப்பமானியை விட்டேன்: கொதிக்கிற பாலில் எண்பத்தொரு டிகிரி. நூறை ஒட்டி இருக்க வேண்டும். காற்றழுத்தம் குறைந்தால்தான் இப்படிக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். அழுத்தமானியைத் தட்டினேன். தூசியில் சிக்கியிருந்த முள் சரிந்தது.
கூடாரத்தின் அடி ரப்பரை உப்பு தின்கிறது. அவர்கள் கொண்டுவரும் கூடாரங்களிலும் அதே ரப்பர்.

10:43
“எறங்காதீங்கண்ணா” என்று கத்தினேன். இரைச்சல்தான் வந்தது. காற்றுமண்டலத்தில் புகுந்துவிட்டார்கள், அந்த நெருப்புக்குள் ரேடியோ கேட்காது. மீண்டும் ஏற எரிபொருளும் இல்லை.

17:00
பதினோரு கிலோமீட்டர் தள்ளி இறங்கினார்கள். உண்மையைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அழுத்தமானியை நம்பாமல், தினமும் பால் காய்ச்சிச் சூட்டைச் சொல்லச் சொன்னேன்.

நாள் 68 — 06:20
ரேடியோவில் அண்ணன்: “தொண்ணூத்தாறு அம்மிணி. ஒட்டுப் போட்டுட்டே இருக்கறோம்.”

நாள் 81 — 06:20
“எம்பது. கொழந்தைகளுக்குத் தல வலிக்குதாம்.”
என் வண்டியின் டயரையும் உப்பு தின்றுவிட்டது. கவச உடையிலேயே தூங்குகிறேன். நடந்து போக என் பூட்ஸும் தாங்காது. போக வழியில்லை.

நாள் 97 — 06:50
அரை மணி தாமதம்.
“பால் பொங்குது கண்ணு. கைய விட்டுப் பாத்தேன். சுடல.”
இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவருக்கு: இந்த இடம் குடியிருக்க உகந்ததல்ல. பூட்ஸைப் பார்த்த அன்றே இதை எழுதியிருக்க வேண்டும். பொங்கியது என்று சொன்னது நான்தான். அண்ணன் இப்போது