தகட்டை மூடியவன்

குஹ்மோ,
3 நவம்பர் 1988

அன்புள்ள தைமி அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். ஏரி ஓரமாக உறையத் தொடங்கிவிட்டது. உன் புதிய துப்பறியும் நாவல் வந்து சேர்ந்தது. அட்டையில் நம் ஏரிக்கரை வீட்டையே போட்டிருக்கிறார்கள்.

கதையில், கணப்பில் கங்கு அணையும் முன்பே மகன் புகைபோக்கித் தகட்டை மூடிவிடுகிறான். வெளியேற வழியில்லாத நச்சுப்புகையில் அப்பா தூக்கத்திலேயே மூச்சடைத்துச் சாகிறார். நம் அப்பா போனதும் அப்படித்தான். தகடு மூடுவது என் வேலை என்று ஊருக்கே தெரியும். கடைக்காரி ஹில்ப்பா, "எங்க வீட்டுக் கணப்புப் பக்கம் மட்டும் வந்துடாதப்பா" என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள். அடுத்த பதிப்பிலாவது கொலைகாரனை மாற்ற முடியுமா?

உன் தம்பி,
வைனோ


ஹெல்சின்கி,
11 நவம்பர் 1988

அன்புத் தம்பி,

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பிணம் விழுந்தால் கொலைகாரன் ஒருவன் வேண்டும். என் பிழைப்பு அப்படி. அவனை மாற்றினால் கதையே இல்லை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கு அப்போது பதினான்கு வயது. தெரியாமல் செய்தாய். நான் உன்னை என்றோ மன்னித்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா? அம்மாவை மிகவும் கேட்டதாகச் சொல்.

அக்கா,
தைமி


குஹ்மோ,
20 நவம்பர் 1988

அக்கா,

மன்னித்ததற்கு நன்றி. ஆனால் அன்று தகட்டை மூடியது அம்மா. சூடு வீணாய்ப் போகிறதே என்று மூடினாள். நான் வாசலில் பூட்ஸைக் கழற்றியபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கங்கு அணைந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு ஊர் என்னைச் சொன்னது. நானும் அப்படியே விட்டுவிட்டேன். ஒரு பொத்தான் அறுந்து கிடந்தாலும் பத்துப் போலீஸ்காரர்களை விசாரித்து எழுதுகிறவள் நீ. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான்.

அம்மாவுக்கு இப்போது எழுத்துத் தெரிவதில்லை, கண் மங்கிவிட்டது. உன் நாவலை நான்தான் வாசித்துக் காட்டினேன். கடைசி அத்தியாயத்தில் 'மகன்' என்று வந்த இடத்திலெல்லாம் 'வழிப்போக்கன்' என்று வாசித்தேன். முடிக்கும் வரை அம்மா காப்பியைத் தொடவே இல்லை. அது ஆறிப்போனது.

அப்புறம், "நல்லவேளை, வெளியாளு. வீட்டாளா இருந்தா நான் தாங்கியிருக்க மாட்டேன்டா" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு வா. அந்த வழிப்போக்கனுக்கு ஒரு பெயர் யோசித்துக்கொண்டு வா. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்குப் பெயர் வைக்க வரவில்லை.

வைனோ