உறையா, உள்நரம்பா?

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய். நான் நலமில்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நான் உருகிப்போவேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் வாலு இன்னும் எழுந்து நிற்கவில்லை. வயிற்றுப்போக்கு நின்ற கையோடு கால் துவண்டு விழுந்தாளே, அப்போது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குகிறது என்று டாக்டர் விளக்கியது எனக்குப் பாதிதான் புரிந்தது. வீட்டில் விவரம் தெரிந்தவர் யார் என்று கேட்டார். என் அக்கா வெளிநாட்டில் நர்ஸ் என்று பெருமையாக உன் நம்பரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் உன்னிடம் பேசினார், நீ என்னிடம் பேசினாய். நரம்புச் சோதனை முடிந்த அன்று, "பயப்படாதடி, நரம்புக்கு மேல இருக்கிற உறை மட்டும்தான் உரிஞ்சிருக்கு, சில வாரத்துல ஓடுவா பாரு" என்றாய். அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

வார்டில் இதே நோயோடு நம்முடையவளையும் சேர்த்து மூன்று பெண்பிள்ளைகள். ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவளுக்கு இமை தூக்க முடியாது, நடந்தால் தள்ளாடும். அவள் குணமாகி, போகிறபோது எல்லாருக்கும் கண்ணடித்துவிட்டுப் போனாள். எதிர்க் கட்டில்காரி முதலில் சுவரைப் பிடித்து நடந்தாள், பிறகு பிடிக்காமலே நடந்தாள். அவளுக்கு மேலுறைதான் என்று அவள் அம்மா சொன்னாள். நம்முடையவளுக்கும் அதேதானே, இவள் மட்டும் ஏன் படுத்தே கிடக்கிறாள் என்று எனக்கு எரிச்சல் வந்தது, அக்கா. "அவ நடக்குறா, உனக்கென்ன கேடு, சோம்பேறி" என்று திட்டினேன். கட்டிலிலிருந்து இறக்கி நிறுத்தினேன். துணி மாதிரி மடிந்து விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம். அழவில்லை. "இன்னொரு தடவ நிறுத்தும்மா, இந்த வாட்டி நிக்கிறேன்" என்றாள்.

நேற்று வாலுவுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி அம்மா அந்த உதட்டைப் பார்த்துவிட்டு என்மேல் பாய்ந்தார். "உள்நரம்பே அடிபட்ட பிள்ளைய இப்படியா நிறுத்துவாங்க? அது மறுபடி வளரணும், மாசக்கணக்காகும், வருஷம்கூட ஆகலாம். உங்க அக்காகிட்ட டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரே" என்றார். நேரே டாக்டரிடம் போய்க் கேட்டேன். "அவகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன்" என்று நீதான் அவரிடம் கேட்டுக்கொண்டாயாம். பக்குவம் இன்னும் வரவில்லையா, அக்கா?

நான் தாங்கமாட்டேன் என்று நினைத்திருப்பாய். அவள் அப்பா போன பிறகு தனியாளாகத் தையல் கடையை நடத்தி அவளை வளர்த்தவள் நான். உண்மையைத் தாங்கியிருப்பேன். உன் பொய்யை நம்பி என் பிள்ளையைக் கீழே தள்ளினேனே, இதை எப்படித் தாங்குவது? வேறு யாராவது செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு ஆறியிருப்பேன். நீ நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாய்.

வாலுவிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்மேல் தப்பே இல்லை, நரம்பு வளர நாளாகும் என்றேன். அவள் நம்பவில்லை. "பெரியம்மா சீக்கிரம் ஓடுவேன்னு சொன்னாங்களே, நான்தான் சரியா முயற்சி பண்ணல" என்கிறாள். அவளுக்கு உன் பேச்சுதான் வேதவாக்கு.

எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். அவளைக் கூப்பிட்டு, பெரியம்மா பொய் சொன்னேன் என்று உன் வாயாலேயே சொல். பிள்ளைகள் பெரும்பாலும் தேறிவிடுவார்கள் என்கிறார் டாக்டர். அதையும் சொல். எப்போது என்று உனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்.

இன்று காலை உடம்பு துடைத்துவிடும்போது அவளுடைய இடது கால் கட்டைவிரல் லேசாக அசைந்தது. உடனே உனக்குச் சொல்லத்தான் போனை எடுத்தேன். நல்ல அறிகுறி என்று நீ சொல்வாய், அதை நம்புவதா என்று தெரியாமல் கீழே வைத்துவிட்டேன்.

நீ நன்றாக இரு. என் அக்காவை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
இன்னும் உன் தங்கைதான்