கால்லயுமா மூட்டை தூக்குனீங்க?

என் அன்புச் சண்டைக்காரிக்கு,

நீயும் மகளும் நலமா? நான் நலம். இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, டாக்டரே சொல்லிவிட்டார்.

என் உள்ளங்கைத் தடிப்புகளை மூட்டை தூக்கிய காய்ப்பு என்று பீற்றிக்கொள்வேனே! உள்ளங்காலிலும் அவை இருப்பதைப் பார்த்த டாக்டர், "கால்லயுமா மூட்டை தூக்குனீங்க?" என்றார். நாங்கள் தங்கும் ஆலை விடுதியின் ஆழ்குழாய்த் தண்ணீரைச் சோதித்தால் ஆர்சனிக் என்ற நஞ்சு. பதினைந்து வருஷம் குடித்ததில் கையில் ஒரு தடிப்பு தோல் புற்றுநோயாக மாறத் தொடங்கியிருந்தது. பதறாதே, முழுசாக வெட்டி எடுத்தாயிற்று. நீ சொன்னபடி கொதிக்கவைத்துத்தான் குடித்தேன். இது கொதித்தாலும் போகாதாம். உன்மேல் தப்பில்லை.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, அதுல என்ன கெடுதல்?" என்றார் மேலாளர். நாங்கள் நாற்பது பேரும் அவர் மேசை முன் செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினோம். பதினொரு பேருக்கு அதே தடிப்பு! அந்த வாரமே குழாய்க்குப் பூட்டு. இப்போது லாரியில் நல்ல தண்ணீர் வருகிறது. மேலாளரும் அதைத்தான் குடிக்கிறார்.

ஆறிவரும் கைக்கு ஓர் உறை வேண்டும். கடையில் கிடைக்கும்தான். நீ உடுத்திய பழைய துணியில் தைத்து அனுப்பு.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதா? தையல் பிரித்த கை முதலில் எழுதியது உனக்குத்தான்.

உன் வீட்டுக்காரன்