ஒருவர் பிடிக்க, ஒருவர் அடிக்க

அன்புள்ள ராய்ஸ் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எழுந்து நடமாடும் அளவுக்கு நலம், அதற்கு மேல் சொன்னால் பொய்யாகிவிடும். அந்த அலாஸ்கா குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, கடலோரப் பட்டறையில் இரும்பைப் பற்றவைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்பதைத்தான் தினமும் கேட்டுக்கொள்கிறேன். மூன்று வாரமாக எழுத நினைத்தும் முடியவில்லை. அப்பாவை எழுப்பி, குளிக்கவைத்து, சட்டைப் பொத்தான் போட்டு, மாத்திரை கொடுத்து நிமிர்ந்தால் மதியம் ஆகிவிடுகிறது. பிறகு உட்கார்ந்தால் எழுந்திருக்கமுடியவில்லை. இடுப்பு இடுப்பாக இல்லை. இதெல்லாம் உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, யாரிடமாவது சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள், நன்றாக இருக்கிறோம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

நவம்பரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் பாதிதான் அவர் பேச்சைக் கேட்கின்றன என்று உன் அக்கா நடீன் உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பாள். பேச்சு அதைவிட மோசம். மனதில் சொல் இருக்கிறது, வாய்க்கு வருவதற்குள் தொலைந்துபோகிறது. காபி வேண்டுமா என்றால் கதவு என்கிறார், தான் தப்பாகச் சொல்லிவிட்டது அவருக்கே தெரிகிறது, கோபத்தில் கோப்பையைத் தள்ளிவிடுகிறார். கடைசியில் "இல்லை" என்ற ஒன்றுதான் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. வாரம் இரண்டு நாள் பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒருநாள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னா இவரு பிசையமாட்டேங்கிறாரு, இந்தக் கை முன்னால என்ன வேலை ஆசையா பண்ணுச்சோ அதைக் கொடுங்க என்றாள். அந்தக் கை ஆசையாகச் செய்தது எதுவென்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் ஏப்ரல் மாதச் சனிக்கிழமை ஒன்றிலாவது அந்த மனிதர் வீட்டில் இருந்தது கிடையாது. நானும் ஒருநாள்கூட அந்த மீன்பிடிப் படகில் ஏறியது கிடையாது. அவர் கூப்பிட்டதுமில்லை, நான் கேட்டதுமில்லை. அவர் ஏரியில் பிடித்துக் கொண்டுவருகிற கிராப்பி மீனைச் சோளமாவில் புரட்டிப் பொரிக்கத்தான் எனக்குத் தெரியும்.

நடீன்தான் ஒரே பிடியாக நின்றாள். அப்பாவை மட்டும் கூட்டிப்போனால் வரமாட்டார், குடும்பமே கிராப்பி பிடிக்கக் கற்றுக்கொள்கிறது, அவரும் கூட வருகிறார் என்று வைத்துக்கொள்வோம் என்றாள். அவள் வீட்டுக்காரன் கார்லண்டைத்தான் உனக்குத் தெரியுமே, வாய்க்கு ஓய்வே கிடையாது. அத்தை, நீங்க தண்ணியில விழுந்தா நான் குதிக்கமாட்டேன், மீனெல்லாம் ஓடிடும், இப்பவே சொல்லிட்டேன் என்றான். முதல் சனிக்கிழமை நாங்கள் பட்ட பாட்டை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். வெள்ளிக்கிழமையே நடீன் தூண்டிலில் மாட்ட நான்கு டஜன் உயிர்ப் பொடிமீன் வாங்கிவந்து, வாளி அழுக்காக இருக்கிறது என்று அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பி வைத்திருக்கிறாள். காலையில் மூடியைத் திறந்தால் அத்தனையும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கின்றன. அப்பா வண்டிக்குள் உட்கார்ந்தபடி வாளியைப் பார்த்தார், நடீனைப் பார்த்தார், "இல்லை" என்றார். எனக்கு அந்த ஒரு சொல்லில் முழுப் பிரசங்கமே கேட்டது. அன்றைக்கு அவர் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.

தூண்டில் கடை டுவைலாவிடம் போய் மறுபடி பொடிமீன் கேட்டால் அவள் எதுவும் விசாரிக்காமலேயே, குழாய்த் தண்ணியா என்றாள். அதிலிருக்கும் மருந்து பொடிமீனைக் கொன்றுவிடும் என்று தெரியாமல் வருஷத்துக்கு இருபது பேராவது இதையே செய்வார்களாம். என்ன ஆழத்தில் போடப்போகிறீர்கள் என்று கேட்டாள், அடிவரைக்கும் என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, வெர்லீன் அக்கா, கிராப்பி எப்பவும் மேலதான் பாத்துக்கிட்டிருக்கும், அதுக்குக் கீழ நீங்க எதைத் தொங்கவிட்டாலும் அதுக்குத் தெரியாது, தலைக்கு மேல காட்டுங்க, தானா ஏறிவரும் என்றாள். தக்கையை மூன்றடி மேலே ஏற்றிக் கட்டினோம். பத்து நிமிஷத்தில் என் தக்கை உள்ளே போயிற்று. நான் கொடியிலிருந்து ஈரப் போர்வையை இழுக்கிற மாதிரி இழுத்தேன். தண்ணீருக்கு மேலே ஒரு வெள்ளி மின்னியது, அடுத்த நொடி ஒன்றுமில்லை. முள்ளின் நுனியில் உதட்டுத் தோல் மட்டும் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மீனுக்கு வாய் காகிதம்தானாம், வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடுமாம். இத்தனை வருஷம் பொரித்தவளுக்கு அது தெரியவில்லை. அந்தத் தோலைப் பார்த்ததும் எனக்குப் பொலபொலவென்று அழுகை வந்துவிட்டது. அன்று எட்டு மீனைத் தவறவிட்டோம், இரண்டு வந்தன, இரண்டும் சட்டம் சொல்லும் பத்து அங்குலத்துக்குக் குறைவு, திரும்ப விட்டுவிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை டாக்வுட் மரமெல்லாம் பூத்துக்கிடந்தது. கார்லண்ட் எதுவும் கேட்காமல் அப்பாவுக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, மூட்டை தூக்குகிற மாதிரி தூக்கிப் படகில் உட்காரவைத்துவிட்டான். மாமா, இறங்கணும்னா நீந்தித்தான் போகணும் என்றான். அப்பா "இல்லை" என்றார், ஆனால் உதடு ஓரமாக இழுத்துக்கொண்டது. சிரிப்புதான். நடீன் நீளத் தூண்டில் கோலை எடுத்து அவருடைய வலது கையில் வைத்து, என் தலைமுடி ரப்பரால் விரல்களைச் சேர்த்துக் கட்டினாள். தக்கை இறங்கியபோது நாங்கள் மூன்று பேரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கையால் வெடுக்கென்று இழுக்க முடியாது ராய்ஸ், அதற்கு அவ்வளவு பலம் கிடையாது. மெதுவாகத்தான் தூக்கியது. அதனாலேயே மீன் கிழித்துக்கொண்டு போகவில்லை. பதின்மூன்று அங்குலம். அப்பா அதைத் தன் மடியில் போட்டுக்கொண்டு இடது கையால் தடவிக்கொண்டே இருந்தார். நவம்பருக்குப் பிறகு அவர் முகத்தை நான் முகமாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஒன்றும் கடிக்கவில்லை. கார்லண்ட், மாமா, உங்க குச்சியெல்லாம் எங்க நட்டிருக்கீங்க, இப்பவாவது சொல்லுங்க, உயிலிலயா எழுதப்போறீங்க என்றான். வருஷா வருஷம் டிசம்பரில் ஏரித் தண்ணீர் இறங்கிச் சேறு தெரியும்போது அவர் புகையிலை உலர்த்தும் கொட்டகைக் குச்சிகளை நூறு நூறாகக் கொண்டுபோய்ச் சேற்றில் அடித்துவிட்டு வருவார், வசந்தத்தில் தண்ணீர் ஏறி மூடியதும் கிராப்பியெல்லாம் அங்கேதான் வந்து அடையும், அந்த இடத்தை ஆண்டவனுக்குக்கூடச் சொல்லமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அப்பா ஏரியை நெடுநேரம் பார்த்தார். வாய் கோணியது. பிறகு தெளிவாக, "ராய்ஸ்" என்றார்.

நீ வீட்டைவிட்டுப் போனதிலிருந்து ஆறு வருஷமாக அவர் வாயில் வராத பெயர். கார்லண்ட்தான் சமாளித்து, சரி, மீனுக்குப் பேர் வெச்சுட்டாரு, இனிமே எப்படிப் பொரிக்கிறது என்றான். நடீன், அப்பாவுக்குச் சொல் மாறி வருகிறது, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே அம்மா என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அதேதான். காபி வேண்டுமா, ராய்ஸ். கால் வலிக்கிறதா, ராய்ஸ். நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். புதன்கிழமை காலுறை மாட்டிக்கொண்டிருக்கும்போது மறுபடி சொன்னார், எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ, காலுறையைக் கீழே எறிந்துவிட்டு, அன்னிக்கு ராய்ஸ் ஓட்டின படகு கட்டையில இடிச்சு மோட்டார் உடைஞ்சதுக்கு அவன் சிநேகிதனுங்க முன்னாடியே, உன்கிட்ட ஒரு துடுப்பைக்கூட நம்பிக் கொடுக்கமுடியாதுன்னு சொன்னீங்களே, அப்ப எங்க போச்சு இந்தப் பேரு என்று கத்திவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கத்தியிருக்கக்கூடாது. நீ மூட்டை கட்டிக்கொண்டு போன அன்றைக்கு நான் மட்டும் என்ன செய்தேன், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதை உன்னிடம் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

நேற்றுக் காலை நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் சமையலறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அப்பா நாற்காலியிலிருந்து தானாக எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, என் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கினார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் அதன் கம்பைத் தரையில் செங்குத்தாக ஊன்றினார். இடது கையால் தன் வலது கையைத் தூக்கிக் கொண்டுவந்து, விரல்களை ஒவ்வொன்றாக அந்தக் கம்பைச் சுற்றி மடக்கி, மேலே இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் கண்களை இறுக்க மூடிக்கொண்டார். ஒருமுறை நீங்கள் குச்சி அடிக்கும்போது நான் கரைக்கு உங்களுக்குக் காபி கொண்டுவந்த அன்று அந்தச் சேற்றில் நீ அப்படித்தான் மண்டியிட்டிருந்தாய், இரண்டு கையாலும் குச்சியைப் பிடித்து, முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு. அப்பா சம்மட்டியை ஓங்கிக்கொண்டிருந்தார். பிள்ளை கையை உடைச்சிடாதீங்க என்று நான் கரையிலிருந்து கத்தினேன், நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் உன் கைமேல் ஒரு அடிகூடப் பட்டதில்லை.

நேற்று அப்பா ஒற்றைக் கண்ணைத் திறந்து நான் பார்க்கிறேனா என்று பார்த்தார். "ராய்ஸ்" என்றார். நான், நீங்க பிடிக்கிறீங்க, அவன் அடிக்கணுமா என்று கேட்டேன். இத்தனை நாளாகத் தொலைத்ததைக் கண்டெடுத்தவர்போல மூச்சு விட்டார். "இல்லை" என்று சொல்லவில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு குச்சிகூட அடிக்கவில்லை. பழையவை உளுத்துக்கொண்டிருக்கும். இடத்தைக் கேட்டு நான் எழுதவில்லை, அதை டிசம்பரில் தண்ணீர் இறங்கினால் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காலோடு அப்பா சேற்றில் எப்படி என்று நீ யோசிப்பாய். கவிழ்த்த வாளியில் மாமாவை உட்காரவைப்பது என் பொறுப்பு, நான் அதற்குத்தான் சாப்பிட்டு உடம்பை வளர்த்துவைத்திருக்கிறேன் என்கிறான் கார்லண்ட். கை நடுங்கும், சம்மட்டி விலகினால் என்ன ஆகும் என்று நானும் யோசித்தேன். அவர் யோசிக்கவில்லை. அவர் தன் வாயால் கூப்பிட்டால்தான் வருவேன் என்று நடீனிடம் சொன்னாயாமே. அந்த வாயில் மிச்சமிருப்பது இரண்டு சொல் கண்ணு, அதில் ஒன்று நீ.

ஆண்டவன் உன்னை அந்தக் கடலுக்கும் இரும்புக்கும் நடுவில் பத்திரமாக வைத்திருக்கட்டும். போன கடிதத்தில் சொன்ன இருமலுக்கு மருத்துவரைப் பார்த்தாயா என்று எழுது, மறந்துவிடாதே. டிசம்பரில் வரும்போது முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ் கொண்டுவா, உன் பழையதை எலி கடித்துவிட்டது. சம்மட்டி கொட்டகையில் அதே ஆணியில்தான் தொங்குகிறது. அப்பா இன்று காலை அதைத் துடைக்கச் சொல்லிக் காட்டினார், துடைத்துவைத்துவிட்டேன்.

எப்போதும் உன் நினைவாக இருக்கும்
அம்மா
வெர்லீன்