அணிலின் குரலைத் தூக்கும் தசை

மார்ச் 4
இதை ஒருவனும் நம்பப் போவதில்லை. நாளை நானே படித்தாலும் "யாருடா இந்தப் புளுகன்?" என்பேன். ஆனாலும் சத்தியம்: எங்கள் வீட்டின் சோற்றையும் மானத்தையும் நகக்கண் அளவு தசை ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது.
தங்கை கார்ட்டூன் அணிலுக்குக் குரல் கொடுப்பவள். அவள் அணிலாகக் கத்தினால் கடலில் போகும் கப்பல் திசை மாறும். இன்று அவள் கழுத்திலிருந்து தைராய்டு கட்டியை எடுத்தார்கள். சாதுவான கட்டிதான், புற்று இல்லை.

மார்ச் 5
"அண்ணா, சாப்பிட்டியா" என்றாள். கேள்வியா, செய்தியா? மேலே ஏற வேண்டிய "யா" தரையிலேயே உட்கார்ந்துவிட்டது. "ஆச்சு" என்றேன். பொய்.

மார்ச் 9
டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். குரல்வளையில் மேலே கேடயம் மாதிரி ஒரு குருத்தெலும்பு, கீழே மோதிரம் மாதிரி ஒன்று. இரண்டையும் பிணைத்து, பக்கத்துக்கு ஒன்றாக ஒரு பொடித் தசை. அது சுருங்கினால் இரண்டும் முன்பக்கம் நெருங்கும்; உள்ளே குரல் நாண்கள் இழுபட்டு மெலியும்; குரல் மேலே ஏறும். அவ்வளவுதான். அவ்வளவேதான்! தாலாட்டு, சண்டை, "ஐயோ" — எல்லாம் இந்தப் பொடியனின் கைவரிசை.
குரல்வளையின் மற்றத் தசைகளெல்லாம் ஒரே நரம்பை நம்பிப் பிழைக்க, இவருக்கு மட்டும் தனி நரம்பு. மயிரிழை கனம். என்ன கொழுப்பு! கட்டியை எடுக்கையில் அதுதான் இழுபட்டுச் சோர்ந்திருக்கிறதாம்.
"அறுபடலை. தானா தேறலாம். தேறாமலும் போகலாம்."

மார்ச் 10
ஸ்டுடியோவிலிருந்து போன். ஜூனில் புது அணில் கதை. "அதுக்குள்ள சரியாகலைன்னா வேற ஆள் பாத்துக்கறோம், சார்."
வீட்டில் கிசுகிசுப்புச் சட்டம் பிறப்பித்தேன். டிவிக்கும் வாய்ப்பூட்டு.

மார்ச் 12
"கிசுகிசுன்னு பேசறதுதான் தொண்டைக்குக் கஷ்டம். எந்த மேதாவி சொன்னது?" என்றார் டாக்டரம்மா. தங்கை என்னை நோக்கி விரலை நீட்டினாள். விரலுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.
சட்டம் வாபஸ்.

ஏப்ரல் 2
தினமும் "ஈ" என்று கீழிருந்து மேலே இழுத்துப் பழகுகிறாள். பாதியில் நின்றுவிடுகிறது.
அவளில்லாத நேரம் கண்ணாடி முன் நின்று, என் தொண்டையில் விரல் வைத்து "ஈ" என்றேன். கேடயத்துக்கும் மோதிரத்துக்கும் நடுவே சின்னப் பள்ளம். குரல் ஏற ஏற அது மூடிக்கொண்டது! உலகத்தின் மிகச் சிறிய கதவு. பிறந்ததிலிருந்து எனக்காக உழைக்கிறது, ஒரு நன்றி சொன்னதில்லை.
பின்னால் தங்கை. "என்ன பண்றே."
"உன் எதிரியை வேவு பாக்கறேன்."
சிரித்தாள். சிரிப்பும் தட்டையாக. போய் முகம் கழுவினேன்.

மே 20
வரலை. இன்னும் வரலை. ஏண்டா பொடியா, உனக்கு என்னடா குறை வெச்சோம்?

ஜூன் 8
ஒலிப்பதிவு. வேறு ஆளைத் தேடும் முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார்கள். கிளை முறிந்து அணில் விழும் காட்சி. தங்கை வாயைத் திறந்தாள். கண்ணாடிச் சுவர் தூள்! ஒலிப்பதிவாளர் நாற்காலியோடு கூரையில் ஒட்டிக்கொண்டார். தெருவில் நின்ற பேருந்துகள் டிரைவரில்லாமல் கிளம்பின.
சரி, சரி. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. குரல் ஏறியது, ஏறியது, உச்சிக்கு ஒரு முழம் கீழே பிசிறடித்தது.
"சாரி சார், இன்னொரு தடவை—"
டைரக்டர் கையமர்த்தினார். "வேண்டாம்மா. விழற அணில் இப்படித்தான் கத்தும். இதுவே இருக்கட்டும்."
கூரை, பேருந்து, கப்பல் எல்லாம் என் சரக்கு. அந்த "இதுவே இருக்கட்டும்" மட்டும் நிஜம்.